அடைப்புக்குறிக்குள் ஒரு சம்பளம்

உலக இளைஞர்களைக் கரையேற்றுவதற்காகக் கூடியிருந்த அந்த மாநாட்டு மண்டபத்தில் இளைஞர் என்று சொல்லத் தக்கவள் ஒருத்திதான். பயிற்சிப் பணியாளராக வந்தவள். பிரதிநிதிகள் பேசப் பேசத் தீர்மானத்தைப் பெரிய திரையில் திருத்துவது அவள் வேலை. சம்பளம் கிடையாது, அனுபவம் உண்டு. அனுபவத்தை நீட்டினால் எந்தக் கடைக்காரன் சோப்புக் கட்டி தருவான்? அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, அத்தான் வெளியே போன நேரம் பார்த்துச் சாப்பிட்டு வந்தாள்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம். ஒரு நாடு ஏற்காத சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். ஆட்சேபித்தவரே இறங்கிவந்து சொன்னால்தான் குறியை எடுக்கலாம். ஒரு குறி மிஞ்சினாலும் கூட்டம் முடியாது.

“இளைஞர்களுக்கு [சம்பளத்துடன்] பயிற்சி” என்ற வரி இப்படித்தான் இழுபறியில் கிடந்தது. வழுக்கைத்தலைப் பிரதிநிதி ஒருவர் கல்லுளிமங்கன் மாதிரி அசையவேயில்லை. கடைசி நாள் அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. உடனே கொள்கை மாறியது.

“சரி, குறிய எடுத்துடுங்க” என்றார்.

எடுத்தாள். மண்டபமே கைதட்டியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளையில் முதல் வேலையாக அக்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, இனிமே எனக்குச் சம்பளம்!”

“உங்க அத்தான்கிட்ட நானே சொல்றேன்டி!”

போனை வைப்பதற்குள் மேலதிகாரி கேக் துண்டோடு வந்தார்.

“பெரிய வெற்றிம்மா! இனி சம்பளமில்லாத பயிற்சிப் பணியாளர் எங்கயும் இருக்கக் கூடாது. நாமதான் முன்மாதிரியா இருக்கணும்.”

“சந்தோஷம் சார். அப்போ எனக்கு...”

“நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். சம்பளம் குடுக்க நம்மகிட்ட நிதி ஏது?”

“திரைய யாரு பாத்துப்பாங்க?”

“தன்னார்வலர் யாராவது கிடைப்பாங்க” என்று கேக்கைக் கடித்தார்.

அவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தீர்மானத்தின் கடைசி வரி மட்டும் பாக்கி: “இளைஞர்களின் அயராத உழைப்புக்கு நன்றி.” அதன் இரு பக்கமும் அடைப்புக்குறி போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தலைவர் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

“நன்றிக்கு ஆட்சேபம் சொன்னது எந்த நாடு?”

ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆட்சேபித்தவர் யாரென்று தெரியாமல் குறியில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் இல்லை. வழுக்கைத்தலையர் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபித்தவள் அதற்குள் பேருந்து ஏறியிருந்தாள்.