வெள்ளைத் தீற்றல்

மனைவி இருந்தவரை கணக்கு வாத்தியாரின் மூக்கு கண்ணாடியைத் தாங்க மட்டுமே பயன்பட்டது. இதைச் சொன்னது அவள்தான். ஒயின் இறக்குமதி செய்யும் கடையில் ருசி பார்த்துச் சொல்வது அவள் வேலை. வீட்டில் எதை ஊற்றிக்கொடுத்து, "என்ன வாசனை வருது?" என்றாலும் அவர், "இருமல் மருந்து" என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அலமாரியில் படுக்கவைத்திருந்த போர்ச்சுகல் போர்ட் ஒயின் ஒன்றுதான் மிச்சம். மகள் பிறந்த வருடத்துச் சரக்கு; இருவரும் சேர்ந்து திறப்பதாக இருந்தார்கள். அவள் அதில் முகர்ந்திருக்கக்கூடியதை ஒரு தடவையாவது தானும் முகர்ந்துவிட வேண்டும் என்று வாத்தியார் கங்கணம் கட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வால்நட், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் என்று சமையலறையில் பயிற்சி நடந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஒருமுறை அத்தி என்று அடித்துச் சொன்னார்.

நினைவு நாளன்று மகளும், மனைவியோடு அதே ஒயின் கடையில் வேலை பார்த்த மச்சினனும் வந்தார்கள். பளபளவென்று துடைத்த பாட்டிலை வாத்தியாரே திறந்து, பெருமையாக ஊற்றினார். கிளாஸில் மழைக்காலக் குட்டை மாதிரி கலங்கி நின்றது.

"மாமா, இந்தப் பாட்டில்ல வெள்ளையா ஒரு பெயின்ட் தீற்றல் இருந்துச்சே?"

"அந்தக் கறையா? அதைப் போக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வாராவாரம் உருட்டி உருட்டித் தேய்ச்சேன்."

மச்சினன் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அது கறை இல்ல மாமா. படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் மேல இருக்கணும்கிற அடையாளம். உள்ள படிஞ்ச மண்டி கலங்கக்கூடாதுல்ல? அக்கா இதைத் தொடவே விடமாட்டா."

"அப்பா, ஒரு வருஷமா குலுக்கியிருக்கீங்க!" என்றாள் மகள்.

மனைவியின் பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய லட்சணம் இது. மச்சினன் மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தான். வாத்தியார் ஆழமாக முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். வால்நட்டும் அத்தியும் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

"என்ன வாசனை மாமா?"

"இருமல் மருந்து," என்றார், செத்த குரலில்.

மகள் சிரித்துவிட்டாள். மச்சினன் சிரிக்கவில்லை.

"கடையில பழைய போர்ட் எது வந்தாலும் அக்கா முதல்ல அந்த இருமல் மருந்து வாசனையைத்தான் தேடுவா. 'எங்க வாத்தியார் வாசனை இருக்கு, எடுத்துக்கலாம்'பா. வால்நட், அத்தியெல்லாம் அப்புறம்தான்."

இந்த மூக்கை நம்பியா ஒரு கடை நடந்தது! வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கிளாஸை நீட்டினார்.

"துணியில நின்ன மண்டியையும் இதுலயே போடு."