நம்பர் இல்லாத சாமான்

…அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டாள் இந்தப் பிள்ளை, ‘ஒரு நிமிசம் அங்கிள், மகளின்ர டியூஷன் மிஸ்’ என்று சொல்லிவிட்டு. பொலிஸ் கொண்டுபோன அந்தத் துவக்கில் வீட்டில் வைத்து யாராவது அடையாளம் ஏதும் போட்டார்களா என்று என்னிடம் கேட்பதும் டியூஷன் மிஸ்ஸோடு கதைப்பதும் அவளுக்கு ஒரே பாரம்தான் போலிருக்கிறது, நான் இந்தப் பிளாஸ்டிக் கதிரையில் முதுகு சாயாமல் இருக்கிறேன், சாய்ந்தால் பதில் தானாக வெளியே விழுந்துவிடும்… சட்டத்தரணி சுபோதினி, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை, மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, கீழே ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. கொட்டாஞ்சேனையில் சட்டத்தரணி இல்லாமலா இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று றஞ்சிதம் கேட்டாள், மனைவி கேட்கிற கேள்வியா இது, அங்கே ஒரு சட்டத்தரணியின் படியில் ஒஸ்வால்ட் குரூஸ் ஏறினால் ஞாயிறு பூசைக்கு முன்னம் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும், இப்போது மட்டும் தெரியாதா, தெரியாததுபோலப் பார்க்கிறார்கள், அது இன்னும் கேவலம்.

மீன்காரி மயிலம்மாவாவது முகத்துக்கு நேரே கேட்டாள், ‘என்னா ஐயா, ஒங்க வீட்டுல பாலன் யேசுவுக்குத் துவக்கோட காவலாமே?’ என்று, கூடையை இறக்காமலே, பக்கத்து வீட்டு யன்னலில் யாரோ சிரித்தார்கள். ஏனென்றால் அது கிடந்தது பின்னறை அலுமாரிக்கு மேல், பாலன் குடில் பொம்மைகள் வைக்கிற பெட்டிக்குப் பின்னால்தான், மாதாவும் சூசையப்பரும் பழைய கடதாசியில் சுற்றியபடி முன்னுக்கு, பழஞ்சீலையில் சுற்றியபடி அது பின்னுக்கு. எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட துவக்கு வெடி விழுந்து ஒருவன் செத்த கிழமை, பொலிஸ் வீடு வீடாகச் சோதித்தது, எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானே கதவை அகலத் திறந்தேன், வாருங்கள், எல்லா அறையும் பாருங்கள், கோயில் திருநாளுக்குக் குடை பிடிக்கிற வீடு இது என்று சொன்னேன், சொல்லித் தொலைத்தேன்… என் மகன் மெல்ரோய் அப்போது குசினி வாசலில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றான், முப்பத்துநாலு வயது, ஒரு வார்த்தை சொன்னானா, டெடி, அவங்கள உள்ளே விடாதீங்க என்று அப்பனுக்குக் கண்ணாலாவது காட்டினானா. பிறகு கேட்டால் ஹெந்தளை பிறெடி தந்தான், ரெண்டு நாளைக்கு வச்சிரு என்றான், என்ன செய்ய, கூட்டாளி என்கிறான். கூட்டாளி! அந்தப் பிறெடி இப்போது எந்த நாட்டிலோ, இவன் விளக்கமறியல் சிறையில்.

கடையில் வாங்கின துவக்குக்கூட இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டி, பலகையில் பூட்டி, கம்பி சுற்றி, எவனோ ஒருவன் கொல்லைப்புறத்தில் செய்தது, கட்டுத்துவக்கு. சுபோதினி சற்று முன்தான் விளங்கப்படுத்தினாள், எனக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்தோ என்னவோ மெல்ல மெல்ல. ‘கொம்பனித் துவக்கு எண்டால் தொடர் இலக்கம் இருக்கும் அங்கிள். அதை வச்சு இதுதான் அது எண்டு சொல்லலாம். இதில ஒண்டும் இல்லை.’ அது இன்னும் மோசமில்லையா என்று கேட்டேன், லைசன்ஸ் எடுக்கவே ஏலாத சாமானாச்சே. ‘வச்சிருந்தது பிழைதான், நம்பர் இல்லாததால பிழை குறையாது. ஆனா வழக்கைப் பொலிஸ்தான் நிரூபிக்க வேணும்’ என்றாள். அந்தக் கிழமை சோதனையில் வேறு வீடுகளிலும் இதுமாதிரிக் கட்டுத்துவக்குகள் அகப்பட்டனவாம், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒரே மூலையில் போட்டு, மறுநாள்தான் சீல் வைத்தார்களாம், அதுவும் ஆளுக்கொரு விதமாய் எழுதி. ‘உங்கட வீட்டில எடுத்தது எது எண்டு எப்பிடிச் சொல்லுவினம்? அடுத்த வழக்குத் தவணைக்கு அந்தச் சீல் வச்ச பொதியைத் திறக்கச் சொல்லிக் கேக்கப்போறன், நீதவானுக்கு முன்னால. நம்பர் இல்லாததுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி, அங்கிள்.’ சொல்லும்போது அவளுக்கு முகம் மலர்ந்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்தவனிடம் போய் நம்பர் இல்லாததைப் புகழ்கிறாள். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் மார்க் பார்த்து, நம்பர் பார்த்துக் குறிக்கிற வேலை, அதிலே தலைமைக் கிளாக்காக ஓய்வு பெற்றவன், அடையாளம் அழிந்துபோன பெட்டி வந்தால் அதை எந்தக் களஞ்சியத்துக்கும் அனுப்ப மாட்டேன், நானே தூரிகை எடுத்து அடையாளம் போட்டு, கீழே என் கையெழுத்து வைத்த பிறகுதான் அசைய விடுவேன். பொலிஸ்காரர்கள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அப்படியே சாக்கில் போடப் பார்த்தார்கள், ஒரு அடையாளத் துண்டு கட்டவில்லை, ஒரு கோடு கீறவில்லை. பொறுங்கள் என்றேன். இப்படிக் கொண்டுபோனால் நாளைக்கு இதை மாற்றி வைத்து இன்னும் பெரிய குற்றத்தை என் வீட்டுத் தலையில் போட மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம் என்று சிங்களத்தில் கேட்டேன், நல்ல சிங்களத்தில், சார்ஜன் சிரித்தான், ‘ஓன நங் தாகன்ன அங்கல்’, வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள் என்கிறான், அவனுக்குப் பகிடி. நான் சுவரிலிருந்த ஆணியைக் கழற்றி, அந்தப் பலகைப் பிடியின் அடிப்பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தையும் குரூஸின் முதல் எழுத்தையும், கீழே திகதியையும், ஆழமாக, பெட்டிக்குப் போடுகிறமாதிரியே கீறினேன்… அந்த நேரம் எனக்கு எவ்வளவு நிமிர்வாக இருந்தது. குரூஸ் வீட்டில் ஒளிப்பு மறைப்பு இல்லை என்று அவர்கள் பார்க்கட்டும் என்று. ஊரெல்லாம் நம்பர் இல்லாத துவக்கு, ஒஸ்வால்ட் குரூஸின் வீட்டுத் துவக்குக்கு மட்டும் அடையாளம் உண்டு!

அதை அவர்கள் எழுதவில்லை. அறிக்கையில் தொடர் இலக்கம் இல்லை என்று மட்டும் இருக்கிறது என்கிறாள், சார்ஜன் மறந்திருப்பான், அல்லது ஒரு கிழவனின் விசர்வேலை என்று விட்டிருப்பான். நான் ‘இல்லை’ என்று சொன்னால் இந்தப் பிள்ளை தானே கேட்டுப் பொதியைத் திறப்பித்து, கையில் வாங்கித் திருப்புவாள், நீதவான் பார்த்திருக்க என் பெயரின் எழுத்துகளை வாசிப்பாள். ‘ஓம்’ என்று சொன்னால் ஒரே பிடியும் போச்சு, ஏன் அங்கிள் போட்டனீங்கள் என்று கேட்பாள், என்ன சொல்வேன், மானத்துக்காக என்றா, மகனை உள்ளே தள்ளுகிற மானம் என்ன மானம் என்று கேட்க மாட்டாள், படித்த பிள்ளை, ஆனால் பார்ப்பாள். எந்தக் கப்பலிலும் நான் பிழையாகக் குறித்ததில்லை. இதையும் பிழையாகக் குறிக்கவில்லையே, அதுதானே…

‘சொறி அங்கிள்.’ வந்து இருந்தாள். ‘நான் கேட்டது… அடையாளம்.’

‘மெல்ரோய் என்ன சொன்னான் மகள்?’ என்று திருப்பிக் கேட்டேன்.

‘அவரிட்ட ரெண்டு தரம் கேட்டனான். ஒரு அடையாளமும் இல்லை, டெடிக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது, அவரிட்டக் கேக்க வேண்டாம் எண்டவர். எண்டாலும் நான் கேக்கத்தானே வேணும்.’

டெடிக்கு ஒன்றும் தெரியாதாம். பொதியைத் திறந்தால் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா, அவன் மடையன், ஆனால் அவ்வளவு மடையனா… சொன்னால் தான் தப்பமாட்டேன் என்று பயந்தானா, அல்லது ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் நான் இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று… யாரைக் கேட்டு அவன் என் மானத்தைக் காக்க வந்தான், அதற்கு நான் இருக்கிறேன், இத்தனை காலமும் நான்தானே. அன்றைக்கு மேசை வழுவழுப்பு, அந்தச் சனியன் உருண்டுகொண்டே இருந்தது, ஆணி வழுக்கியது, ‘பாத்து டெடி, கைல படும்’ என்றான், கோப்பையை வைத்துவிட்டு வந்து இரண்டு கையாலும் குழாயை அழுத்திப் பிடித்தான், பிறகுதான் விலங்கு போட்டார்கள். சுபோதினி பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை, திகதியின் கடைசிக் கோடு முடியும்வரை அவன் கையை எடுக்கவில்லை.