மேல்மாடியில் வசிக்கும் ஹோக்ஸ்ட்ரா குடும்பம்

1

என் வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். சமைப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, குளியலறைக் கதவைத் தட்டி அவசரப்படுத்துவதில்லை. காகிதத்தில் மட்டும் இருக்கிறார்கள். இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், அங்கிருந்துதான்.

வீட்டுக்குச் சொந்தக்காரி ஷெரில் சோப்சாக். கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் வாடகைக்கு நான். செப்டம்பரில் ஒருநாள் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னாள்:

"கண்ணு, இன்னிலேர்ந்து உன் வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு. கண்டுக்காத."

ஒரு பாத்திரத்தை ஒரு வீட்டில் நம்பும்படி குடிவைக்க நான் பல பக்கம் மூச்சுமுட்ட எழுதுவேன். ஷெரில் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டாள். பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் இது என் கதை இல்லை. எதிர்வரிசையில் நிஜமாகவே குடியிருக்கும் கொரீன் ஹோக்ஸ்ட்ராவின் கதை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன். (முடிந்தவரை.)

2

முதல் தொடக்கம்: "அயோவாவின் சோளக்காடுகளை விட்டுச் சிகாகோவில் வந்து இறங்கிய கொரீனின் கண்களில் ஒரு கனவு —"

வேண்டாம். அவள் கண்களில் இருந்தது பள்ளி வாரியத்தின் வலைத்தளம்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு தாயின் —"

இதுவும் வேண்டாம். 'ஒரு தாயின்' என்று தொடங்கும் வாக்கியங்கள் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்த கணவன் டேலுடனும், ஒன்பது வயது மகள் டெஸ்ஸுடனும் கொரீன் வந்தாள். அவள் ஊரில் இருந்தது ஒரே பள்ளி. பிறந்தால் அங்கே போவார்கள், அவ்வளவுதான். இங்கே பள்ளிகள் நூற்றுக்கணக்கில். வட்டாரப் பள்ளி, குலுக்கல் பள்ளி, தேர்வெழுதிப் போகும் பள்ளி, வேற்றுமொழியில் கணக்குச் சொல்லித்தரும் பள்ளி. ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி. பெரும்பாலும் அது போன வருடமே முடிந்திருந்தது. ஜூலை முழுவதும் கொரீன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவதுபோல் பள்ளிகளுக்குப் போடப்பட்டிருந்த மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துக்கு ஒன்பது, பத்துக்கு மூன்று. யார் போட்ட மார்க், எதற்குப் போட்ட மார்க் என்று யாரும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.*

* இப்படி ஒரு நகரத்துப் பள்ளிகள் மொத்தத்தையும் இங்கே 'மாவட்டம்' என்பார்கள். நம் மாவட்டத்துக்குக் கலெக்டர் உண்டு. மனுவோடு போய் நிற்கலாம். இந்த மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று எண் இரண்டை அழுத்தச் சொல்லும்.

வீட்டுத் தரகர் சொன்னார்: "இங்கேர்ந்து வின்ஃபீல்ட் பள்ளிக்கு நடந்தே போயிடலாங்க." பொய்யில்லை. நடந்து போகலாம். உள்ளே விடுவார்களா என்று டேல் கேட்கவில்லை, தரகரும் கேளாததைச் சொல்கிற மனிதர் இல்லை. வட்டார எல்லை எங்கள் தெருவின் நடுவே போகிறது. இரட்டைப்படை வீடுகளுக்கு ஒன்பது மார்க் வின்ஃபீல்ட். ஒற்றைப்படை வீடுகளுக்கு மூன்று மார்க் டென்பி. ஹோக்ஸ்ட்ராக்கள் வாங்கியது ஒற்றைப்படை.

3

ஆகஸ்டில் தெருவை இரண்டு பக்கமும் அடைத்து விருந்து வைத்தார்கள். வருடாவருடம் நடப்பது. கொரீன் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஷெரில் பிரோகி, அதாவது போலந்துக்காரர்களின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எந்த ஸ்கூலு?"

"டென்பி."

கரண்டி நின்றது. "ஐயோ, கண்ணு."

"ஏன், அங்க என்ன?"

"அங்க என்னன்னு இல்ல. கொஞ்சம்... வேற மாதிரி."

"எப்படி வேற மாதிரி?"

"உனக்குப் போகப்போகத் தெரியும்."

"நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?"

"போகாம? ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அங்கதானே ஓட்டு!"

உண்மைதான். எங்கள் தெருவின் இரட்டைப்படைக்காரர்கள் டென்பியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரிசையாகப் போவார்கள், 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, ஜனநாயகத்தைக் காப்பாற்றிய முகத்தோடு திரும்புவார்கள். சுவரில் பிள்ளைகள் ஒட்டிய படங்களை யாரும் நின்று பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஷெரிலின் புல்தரையில் ஒரு பலகை நடப்பட்டிருக்கிறது: 'இங்கே எல்லோருக்கும் வரவேற்பு.' பல மொழிகளில். அந்தப் பலகையும் இரட்டைப்படைப் பக்கம்தான்.

ஆனால் ஷெரில் கல்நெஞ்சக்காரி இல்லை. (அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக நகர்ந்தது. சுலபமாக நகர்ந்ததாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன்.) கொரீனின் முகம் வாடியதைப் பார்த்து அங்கேயே தீர்வு சொன்னாள்.

"என் மேல்வீட்டு அட்ரஸப் போட்டுக்கோ."

"அது தப்பில்லையா?"

"இந்தத் தெருவுல யாருதான் செய்யல? அத்தை வீடு, சித்தப்பா வீடு, விட்டுப்போன புருஷன் வீடு. வின்ஃபீல்ட் கிளாஸ்ல பாதிப் பேரு தூங்குறது வேற எடத்துல. நீ என்ன, புனிதவதியா?"

கொரீன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஒரு பொழுது முழுவதும் யோசித்தாள் என்று எழுதினால் அவளுக்கு மரியாதை. ஒரு பிரோகி தின்னும் நேரம் யோசித்தாள்.

4

இந்த இடத்தில் கொரீன்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நல்லவளா? மகளுக்காகச் செய்தாளா, மார்க்குக்காகச் செய்தாளா? அவள் இதயத்துக்குள் புகுந்து பார்த்து எழுதலாம் என்றால், அங்கே பயம் மட்டும் சுத்தமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெண்ணாக இருந்தவள். இங்கே தப்பான பள்ளியில் பிள்ளையைப் போட்ட பெண்ணாகத் தெரியவந்துவிடுவோமோ என்கிற பயம். அதைத் தாய்ப்பாசம் என்று எழுத என் கை வரவில்லை; இல்லை என்று எழுதவும் வரவில்லை.

அவர்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒத்திகையை எனக்குச் சொன்னவள் டெஸ்.

"டீச்சர் கேட்டா, நீ எங்க இருக்கே?" — கொரீன்.

"ஷெரில் வீட்டு மாடில."

"யாரு யாரு?"

"அம்மா, அப்பா, நான். அங்க ஒரு ஆன்ட்டி இருக்காங்கல்ல, எப்பப் பாத்தாலும் ஜன்னல்ல நிக்கிறவங்க? அவங்க நமக்கு யாரு?"

கொரீன் கணவனைப் பார்த்தாள். டேல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அத்தைன்னு சொல்லு."

எப்பப் பாத்தாலும் ஜன்னல்ல நிக்கிறவங்க! போகட்டும். கவனியுங்கள்: என்னைக் கேட்காமல் என்னை ஒரு கதைக்குள் போட்டுவிட்டார்கள். பதிலுக்கு நான் அவர்களைப் போட்டேன். கணக்கு நேர்.

நவம்பரில் ஒருநாள் டெஸ் மாடியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"உள்ள பாக்கலாமா? என் ரூம் எதுன்னு தெரிஞ்சுக்கணும்."

புத்தகங்களைக் குவித்து வைத்திருக்கும் சின்ன அறையைக் காட்டினேன். திரைச்சீலை என்ன நிறம், கட்டிலில் படுத்தால் எது தெரியும், எந்தப் படி கிறீச்சிடும் என்று கேட்டுக்கொண்டாள். பொய்யை நிற்கவைப்பது நுணுக்கங்கள்தான் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? எனக்கு அது பிடிபட நரை வந்தது.

"உங்க வீட்டுல காலைல என்ன சத்தம் கேக்கும்?"

"ஷெரில் இருமுறது. உங்க வீட்டுல?"

"டென்பி பெல். எங்க சமையக்கட்டுக்குப் பின்னாடிதான் கிரவுண்டு. அதக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். அப்புறம் கோட்டு மாட்டிட்டு இந்தப் பக்கம் வின்ஃபீல்டுக்குப் போவேன்."

சொல்லிவிட்டு, தன் பழைய பனி பூட்ஸைக் கழற்றி என் கதவோரம் ஒழுங்காக வைத்தாள். புதுசு பையில் இருந்தது.

"இது இங்கயே இருக்கட்டும். யாராவது வந்தா காட்டுங்க."

5

ஜனவரியில் பெரிய பனி. ஷெரில் அறுபத்திரண்டு வயதில், இடுப்பு வலியோடு, பாதிப் பகல் மண்வாரியால் அள்ளி, தெருவோரம் தன் காருக்கு ஓர் இடம் தோண்டினாள். கிளம்பும்போது மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கை போட்ட சமையலறை நாற்காலி ஒன்றை அங்கே நிறுத்திவிட்டுப் போனாள். இந்த ஊர் வழக்கம்: தோண்டியவருக்கே இடம், நாற்காலி அதற்குச் சாட்சி. தெரு எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொல்லும். சட்டம் பனி அள்ளுவதில்லை.

அயோவாக்காரன் டேல் வேலை முடிந்து வந்தான். தெருவோரம் அநாதையாக ஒரு நாற்காலி. யார் வண்டியிலிருந்தோ விழுந்திருக்கும் என்று நினைத்தான். ஷெரிலின் சமையலறையில் அதன் ஜோடியைப் பார்த்த ஞாபகம் வந்தது. எடுத்தான். கைக்குட்டையால் பனியைத் துடைத்தான். அவள் வாசலில் பத்திரமாக வைத்தான். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு அந்த இடத்தில் தன் வண்டியை நிறுத்திவிட்டுப் போனான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கலாம். குளிர்.

ஷெரில் வந்ததும் எழுந்த சத்தத்தில் எதிர்வரிசை விளக்குகள் எரிந்தன.

"நான் ஒடம்பு ஒடியத் தோண்டுன எடம்! எவனோ வந்து சொகமா உக்காந்துக்குவானா? வெக்கம் வேணாம்? எடம் இல்லன்னா தூரமாப் போய் நிறுத்துறது! அடுத்தவன் எடத்துல —"

(இங்கே ஓர் எழுத்தாளர் பனி நாற்காலியையும் வகுப்பு நாற்காலியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுவார். நானும் எழுதினேன். அடித்துவிட்டேன். உங்களுக்கே தெரிகிறது.)

கொரீன் சாக்லேட் கேக் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடுவது கேட்டும் அவள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். கை விறைத்த பிறகு திரும்பினாள்.

மறுநாள் ஷெரில் என்னைக் கீழே கூப்பிட்டாள். முகத்தில் வெற்றி.

"போன் பண்ணிட்டேன். பொய் அட்ரஸ்ல ஒரு பொண்ணு படிக்குதுன்னு வாரியத்துல சொல்லிட்டேன். பேரோட."

"எந்த அட்ரஸ்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

நாற்காலியில் உட்கார்ந்தாள், அதே மஞ்சள் நாற்காலி.

"...நம்ம அட்ரஸ்."

நான் சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்காத! ஒப்பந்தத்துல என் கையெழுத்து இருக்கு. ஆள் வந்தா, ஆமா இங்கதான் இருக்காங்கன்னு நீ சொல்லிடு, கண்ணு."

"புகார் குடுத்தது நீ."

"கோவத்துல குடுத்தேன்! கோவம் போயிடுச்சு."

அன்றைக்கே கொரீனும் வந்தாள். படியில் நின்றபடி, உள்ளே வராமல்.

"டெஸ்ஸ வருஷ நடுவுல வெளிய அனுப்பிட்டா... ஸ்கூல் ரெக்கார்டுல பொய்க்காரின்னு இருக்கும். அவ எதுவும் செய்யல. யாராவது கேட்டா நீங்க —"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

"டெஸ் என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

யாரோ அவளை வேற்றுமொழியில் கேட்டுவிட்டதுபோல் பார்த்தாள். "அவகிட்ட... கேக்கல."

6

முடிவுகள்.

முடிவு அ: 'ஆமாம், இங்கேதான் இருக்கிறார்கள்.' டெஸ் வின்ஃபீல்டில் தொடர்வாள். ஷெரில் தப்பிப்பாள். டென்பி மணி கேட்டு எழுந்து, கோட்டு மாட்டி, தெருவைக் கடந்து, நாளெல்லாம் என் திரைச்சீலையின் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்ல எழுத்தாளராக வருவாள்.

முடிவு ஆ: 'இல்லை.' டெஸ்ஸின் பெயருக்கு எதிரே ஒரு கறை. அழுவாள். பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்குப் போவாள். டென்பி அற்புதமான பள்ளி என்று நிரூபிக்கும் காட்சி ஒன்றை நீங்கள் எதிர்பார்க்கலாம். என்னால் முடியாது. நானும் அங்கே ஓட்டுப் போட மட்டும்தான் போயிருக்கிறேன்.

முடிவு இ: எல்லோரும் திருந்தி —

மன்னியுங்கள். யாரோ மாடியேறுகிறார்கள். எட்டாவது படி கிறீச்சிட்டது. டெஸ் குறித்துக்கொண்ட படி.

வாரியத்து மனிதர். பெயர் கிரீன்லீயாம். தொப்பியில் பனி. நான் எதிர்பார்த்த வில்லன் முகம் இல்லை. மூச்சு வாங்குகிறது, கால்மிதியில் பூட்ஸை நன்றாகத் துடைக்கிறார்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம். ஹோக்ஸ்ட்ரா குடும்பம் இங்கதான் இருக்காங்களா?"

இத்தனை வருடம் கேட்காதவர்களிடமெல்லாம் தெருக்கதை சொன்னவள் நான். முதல்முறையாக ஒருவர் வந்து கேட்கிறார், வாய் வரவில்லை. எதிர்வரிசையில் கொரீன் ஜன்னலில் நிற்கிறாள். எப்போதும் நான் நிற்பதுபோல. கீழே ஷெரில் இருமலை அடக்குவது கேட்கிறது.

கிரீன்லீ குனிந்து கதவோரம் பார்க்கிறார். சின்னஞ்சிறு பூட்ஸ். வைத்த நாளிலிருந்து காய்ந்தே கிடக்கிறது. வெளியே ஒரு வாரமாகப் பனி.

"இது யாரோடது மேடம்?"

அவர் கெட்டிக்காரர். நான் திரும்பி உங்களைப் பார்க்கிறேன். டெஸ்ஸின் அறை எது, அவள் காலையில் எந்த மணி கேட்டு எழுகிறாள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் இப்போது இந்தத் தெருக்காரர்தான். இரட்டைப்படையா, ஒற்றைப்படையா என்று நான் கேட்கவில்லை.

அவர் காத்துக்கொண்டிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது, குளிர் உள்ளே வருகிறது. சொல்லுங்கள்.