அன்றைக்கு இட்ட முட்டை

விடாமல் அலறிய ஹாரன் சத்தத்தில் கனகா தோட்டத்துப் பக்கமிருந்து ஓடி வந்தாள். வாசலில் மகன் சுகுமார். மொபெட்டின் முன்னால் மூன்று ட்ரே, பின்னால் இரண்டு. நூற்றைம்பது முட்டை.

"சீக்கிரம் எறக்கும்மா, கையி மரத்துப் போச்சி."

"இன்னிக்கு வுட்டதுதானேடா?"

"கோழிக்குக் கீழ இருந்து எடுத்தாந்தேன். தொட்டுப் பாரு, இன்னும் சூடா கீது."

தொட்டுப் பார்த்துத் திருப்தியானாள். அன்று பேத்திக்குக் காது குத்தல். மகள் ரேணுகாவின் மாமியார் பரிமளா பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாலாஜாபாத்திலிருந்து வேன் நிறைய ஆட்களோடு வந்துவிடுவாள். பிரியாணிக்கு ஆள் வைத்தாயிற்று. முட்டையை மட்டும் கனகா விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பதினெட்டு வருஷமாக முட்டை அவிப்பவள். "எலைல வெக்கிற முட்டைல ஒரு கீறல் இருந்தா என் பேர மாத்திக் கூப்புடுங்க சம்பந்தி" என்று போனில் வேறு சொல்லிவிட்டாள். பரிமளா அதை உறவுக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் போட்டு வைத்திருந்தாள்.

அண்டாவில் தண்ணீர், ஒரு கை உப்பு, அடியில் நாலு விறகு. மருமகள் திலகா பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணமாகி நாலு மாதம்.

"நீ போய் வெங்காயத்த உரி. இங்க நானு பாத்துக்கறேன்."

திலகா போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

முட்டை வெந்ததும் கனகா வெந்நீரை வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலவே, ஓடு விரிசல் விடும்படி அண்டாவைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அங்கே இப்படிக் குலுக்கினால் ஓடு சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும்.

முதல் முட்டையில் ஓட்டோடு பாதி வெள்ளையும் பெயர்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது முட்டை மஞ்சள் தெரியப் பல்லிளித்தது. மணி பதினொன்று.

"டேய் சுகுமாரு! இன்னாடா முட்டை வாங்கியாந்த?"

"நீதானம்மா புதுசா கேட்ட!"

"புது முட்டை உரியாது அத்தை" என்றாள் திலகா வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். "எங்கம்மா வூட்ல நாப்பது கோழி கீது. ஒரு வாரம் வெச்சாத்தான் அவிப்போம்."

கனகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்து முட்டை லாரியில் வந்து, ஸ்டோர் ரூமில் நாலு நாள் இருந்து, அப்புறம்தான் அவள் கைக்கு வரும். அன்றைக்கு இட்ட முட்டையைப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவித்ததே இல்லை.

"இப்ப இன்னா பண்றது?"

"முழுசா வரலன்னா போவட்டும், வந்த வரைக்கும் உரிச்சிக்கலாம். எல்லாத்தியும் கொத்திப் பொடிமாஸ் போட்டுடலாம். கொஞ்சம் நவுருங்க."

கனகா அடுப்பை விட்டு நகர்ந்தாள்.

பந்தியில் பரிமளா இலையைப் பார்த்தாள். பொடிமாஸை விரலால் கிளறினாள். "இன்னா சம்பந்தி, பேரை இன்னான்னு மாத்தட்டும்?" என்றாள். பந்தியே சிரித்தது. வேறு வழியில்லாமல் கனகாவும் சிரித்தாள். ஆனால் பரிமளா பொடிமாஸை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது ஒரு டப்பாவில் கட்டியும் கொண்டாள்.

வேன் போனதும் கனகா தோட்டத்துக்கு வந்தாள். திலகா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ட்ரே வந்து எறங்கினப்பவே உனுக்குத் தெரியுமா?"

திலகா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அத்தை. இந்த நாலு மாசத்துல இன்னிக்கித்தான் என்னை உங்க அடுப்பாண்ட வுட்டீங்க."