இருநூறு சொற்களுக்குள் நஜ்மா

1

இந்தக் கதையைத் தொடங்கியது நானில்லை. ஒரு படிவத்தின் பதினேழாவது கேள்வி. "உங்கள் பெயர் எப்போதாவது குற்ற வழக்கு எதிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஆம் எனில், இருநூறு சொற்களுக்குள் விளக்கவும்."

மருத்துவக் கல்லூரிப் படிவம் அது. கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். சேர இருப்பவள் அதிராம்பட்டினத்தில் என் எதிர்வீட்டு நஜ்மா, பத்தொன்பது வயது. இரண்டாம் முறை நீட் எழுதிப் பிடித்த இடம். இன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. சேர்ந்த பிறகும், விளக்கத்தைப் படிக்கும் குழு முகம் சுளித்தால் அப்போதும் வேறு யாருக்கோ.

"பெரியம்மா, நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதுறீங்கல்ல, இதை எழுதித் தாங்களேன்" என்று நேற்று வந்து நின்றாள். தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை கணக்கு வைத்திருப்பவள் நான். சரியான ஆளிடம்தான் வந்தாள். (நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

கேட்டது இருநூறு சொல். பாதி இங்கேயே தீர்ந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "புயல் கரையைக் கடந்த மறுநாள், தென்னைகளெல்லாம் ஒரே பக்கமாகத் தொழுகையின் சஜ்தாவில் நெற்றி பதித்து விழுந்தது போல…"

அடித்துவிட்டேன். டாக்டர்களுக்குத் தென்னை எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: "குற்றம் என்பது யாதெனில்…"

அடித்துவிட்டேன். யாதெனில் என்று எழுதியதுமே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. மூன்று வருஷத்துக்கு முந்தைய புயல். ஐந்து நாளாகக் கரண்டும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. ஆறாம் நாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில பெண்கள் காலிக் குடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரு பக்கமும் பஸ்கள் நின்றன. போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர் நோட்டைத் திறந்து பெயர்களை எழுத ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில், புயலுக்கு அப்புறம் எவர் கையில் நோட்டு இருந்தாலும் அது நிவாரணப் பட்டியல்தான். தாலுகா ஆபீஸ்காரர் எழுதுவார், கட்சிக்காரர் எழுதுவார், ஜமாஅத்திலும் எழுதுவார்கள். முந்தினவருக்குத் தார்ப்பாய், பிந்தினவருக்கு மெழுகுவத்தி. ஆகவே யாரோ ஒருத்தி, "தார்ப்பாய்க்குப் பேர் எழுதுறாங்க, ஓடுங்கடி!" என்று கத்தினாள். தெருவே ஓடியது.

ஏட்டு தம் சர்வீஸில் அப்படி ஒரு நாளைக் கண்டிருக்க மாட்டார். ஆள் பிடிக்க வந்தவரை ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், எங்க வீட்டை விட்டுட்டீங்க!"

"சார், எங்க மச்சான் ஜெக்கரியா துபாய்ல இருக்காரு. அவரு பேரையும் சேத்துக்குங்க!"*

(* சேர்த்துக்கொண்டார். ஜெக்கரியா துபாயில் இருந்தபடியே இங்கே பஸ்ஸை மறித்தார்.)

நஜ்மாவின் உம்மா மெஹராஜ் பேகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், "நஜ்மா, வயசு பத்தொம்போது" என்றாள். அப்போது நஜ்மாவுக்குப் பதினாறு. சின்னப் பிள்ளை என்றால் கணக்கில் விட்டுவிடுவார்களே!

தார்ப்பாய் வரவில்லை. சம்மன் வந்தது. மறியல் வழக்கில் நஜ்மா இருபத்தேழாவது எதிரி.

3

"யாரோ ஒருத்தி" என்று எழுதினேன் அல்லவா? அது நான்தான்.

மாடியில் நின்று பார்த்தேன், நோட்டு தெரிந்தது, கத்தினேன். நான் மட்டும் கீழே இறங்கவில்லை; அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. அதனால் பட்டியலில் என் பெயர் கிடையாது. அந்த வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் இல்லை.

4

பிறகு அரசாங்கம் மறியல் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தோம், பதினேழாவது கேள்வி வரும்வரை. பட்டுக்கோட்டை வக்கீல் ஒருவர், "சின்ன வயசுல நடந்ததைச் சொல்லணும்னே இல்லம்மா, இல்லைன்னு போடு" என்றார். தஞ்சாவூர் வக்கீல், "மறைச்சது பின்னால தெரிஞ்சா நாலாம் வருஷத்துலகூட வெளிய அனுப்பிடுவான், ஆமான்னு போடு" என்றார். இருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்த நஜ்மா, கடைசியில் 'ஆம்' போட்டாள். மிச்சம் விளக்கம்தான்.

மெஹராஜ் பேகம் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாப் பழியையும் எம்மேல போட்டு எழுதுங்க. படிக்காதவ, பேராசை புடிச்சவ, புள்ள வயசையே மாத்திச் சொன்னவன்னு எழுதுங்க. அவ தப்பிச்சாப் போதும்."

"பேராசைன்னு எழுத மாட்டேன் மெஹராஜ். தார்ப்பாய்க்குப் பேராசையா?"

"நீங்கதான கத்துனீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எழுதினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள். கத்தியவள் என் பெயரோடேயே இருந்தாள். படிக்கிற கல் மனசும் இளகி, கூடவே சிரித்தும் விடும்.

5

இனி நஜ்மா பக்கமாக நின்று எழுத வேண்டும். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதுவதுதானே நம் தொழில்.

நஜ்மா தாளை இரண்டு முறை படித்தாள். உம்மா ஏட்டின் கையைப் பிடித்து இழுக்கும் இடத்தில் சிரித்தாள். பிறகு தாளை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். இவ்வளவு சிரமப்பட்டு எழுதித் தந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு (என் ஊகம்) குழப்பமாக இருந்தது.

"நல்லா இருக்கு பெரியம்மா. ஆனா உம்மா பேர் குடுக்க வரும்போது நான் அங்கதான் இருந்தேன்."

"வேடிக்கை பாத்துக்கிட்டு?"

"இல்ல. உக்காந்துக்கிட்டு. முதல் பஸ்ஸுக்கு முன்னாடி என் ஸ்கூல் பேக்கை வச்சதே நான்தான்."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

என் கதைப் பாத்திரம் என் கையைவிட்டு நழுவுவது தெரிந்தது. எட்டிப் பிடித்தேன். "புயலுக்கப்புறம் தெருவுல வயித்துப்போக்கு வந்துச்சே, அதைப் பாத்துதான் டாக்டராகணும்னு உனக்குத் தோணுச்சா?"

"இல்லையே. அது நாலாவது படிக்கும்போதே தோணிடுச்சு."

"சரி, ரோட்டுல உக்காந்தப்ப என்னதான் தோணுச்சு?"

யோசித்தாள். "வெயில் அடிச்சுது. டிரைவர் கெட்ட வார்த்தையா திட்டினாரு. பயமா இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. ரெண்டும் எப்படிச் சேந்து வரும்னு இன்னமும் புரியல."

பையிலிருந்து அவளே எழுதிய ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"ஆம். புயலுக்குப் பின் ஐந்து நாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆறாம் நாள் சாலையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது வயது பதினாறு. யாரும் என்னை அழைத்துச் செல்லவில்லை. மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. வழக்கு பிறகு திரும்பப் பெறப்பட்டது."

அவ்வளவுதான். உம்மா இல்லை, ஏட்டு இல்லை, நானும் இல்லை.

"இதைக் குடுத்தா வம்புக்காரின்னு நெனைப்பாங்கடி."

"உங்களது குடுத்தா பாவம்னு நெனைப்பாங்க. ரெண்டுல எது பெரியம்மா பரவால்ல?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

6

முடிவுகள்.

அ. என் தாள் போகிறது. குழு சிரிக்கிறது, இடம் கொடுக்கிறது. நஜ்மா ஐந்து வருஷமும் "தார்ப்பாய்ப் பொண்ணு" என்று…

ஆ. அவள் தாள் போகிறது. குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, "இந்தப் பெண் நாளைக்கு நம் கல்லூரி வாசலிலும் உட்காருவாள்" என்று…

இ. அவள் தாள் போகிறது. அதே ஆள் கண்ணாடியைக் கழற்றி, "இவளைத்தான்…"

மூன்றையும் முடிக்க முடியவில்லை. இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்தும் எழுதிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்ததும் நிஜம், பெயர் தப்பாகச் சேர்ந்ததும் நிஜம் என்று ஒரே பக்கத்தில் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் தாளில் பொய் கிடையாது. அவள் தாளிலும் கிடையாது. பிறகு ஏன் ஒன்றை வைத்தால் மற்றது பொய்யாகிறது?

7

இப்போது மணி நாலு நாற்பது. அப்சரின் பிரவுசிங் சென்டரில் இருக்கிறோம். படிவத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, பதினேழாவதற்கான இணைப்பைத் தவிர. மெஹராஜ் பேகம் உள்ளே வரவில்லை. வெளியே ஸ்கூட்டி மேல் சாய்ந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"எந்தத் தாளும்மா ஸ்கேன் பண்றது?" என்கிறான் அப்சர்.

"ஒரு நிமிஷம் காக்கா."*

(* எங்கள் தெருவில் காக்கா என்றால் அண்ணன்.)

நஜ்மா இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். இந்தத் தெருவில் யார் யாரைக் கட்ட வேண்டும், யார் வீட்டில் எந்தப் பக்கம் படி வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் கேட்காமலே யோசனை சொன்னவள் நான். கேட்டுவிட்டார்கள் இன்று. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். போன முறை நான் வாய் திறந்ததால்தான் இவ்வளவும்.

"நாலு நாப்பத்தி மூணு" என்கிறான் அப்சர். "அஞ்சு மணி நெருங்குனா சைட்டு படுத்துடும்மா."

ஸ்கேனர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே கண்ணாடி வெறுமையாக இருக்கிறது. நீங்கள் இரண்டு தாளையும் படித்தவர்கள். குழுவுக்குக்கூட ஒன்றுதான் கிடைக்கப்போகிறது. நான் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறேன். கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். அவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள்.