ஓவியாவின் சாவி

"ஒத்தச் சாவிய மட்டும் நீட்டுனா நான் எப்பிடி ஆத்தா வாங்குறது?" என்றாள் முருகம்மாள். "மூணு புள்ளைகளுக்கு மூணு சாவி குடுத்தேன். மூணும் அவுகவுக கையால தாம்பாளத்துல விழணும். அப்பத்தான் வீடு காலி."

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று சுமையாவுக்குத் தெரியவில்லை. கீழே தெருவில் அவளுடைய அத்தா நூர் முகம்மது, கம்பத்திலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்த குட்டியானை வண்டியில் மெத்தையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர வேண்டும்.

"திரிஷா சாவிதான் வந்துருச்சே பெரியம்மா."

"வந்துருச்சு. பரீட்ச முடிஞ்ச கையோட தாம்பாளத்துல வச்சுட்டு, தேவதானப்பட்டிக்கு பஸ் ஏறிட்டா கெட்டிக்காரி. உன்னோடதும் வந்துரும். ஓவியாவோடது?"

"அவதான் இல்லையே பெரியம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். சாவியத் திருப்பாமப் போனவ எப்பிடிப் போனதா ஆகும்?"

தேனியில் எத்தனையோ பேர் வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். முத்திரைத்தாளில் எழுதி வாங்குகிறார்கள். முருகம்மாளின் மாடி வீட்டுக்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. குடிவருகிற நாளில் அடுப்பில் பால் பொங்க வேண்டும். அந்தப் பாலைக் குடித்தவர்களுக்கு ஆளுக்கொரு சாவி. போகிற நாளில் மஞ்சளும் கல்லுப்பும் பரப்பிய தாம்பாளத்தில் அவரவர் கையால் அதை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் போனாலும் குடி போகாது என்பது அவள் கணக்கு.

"முந்தி ஒரு பேங்க்காரரு குடியிருந்தாரு. அவசரமா மாத்தல்னு போயி, சாவியக் கூரியர்ல அனுப்புனாரு. அதுக்கப்புறம் தெனம் விடியக்காலம் மேல குழாய் தானாத் தொறக்கும். பல்லு வெளக்குற சத்தம் கேக்கும்."

"குழாய்ல வாசர் போயிருக்கும் பெரியம்மா."

"வாசர மாத்துனேன்டி! குழாயவே மாத்துனேன்! கடைசில அந்த மனுசன வரவழைச்சு, சாவிய அவரு கையாலயே வைக்கச் சொன்ன பெறகுதான் நின்னுச்சு."

சுமையாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மூன்று வருடங்களாக மூன்று பெண்களும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு வரவில்லை.

"நான் சும்மா போய்ட்டா என்ன பெரியம்மா?"

"போயேன். யாரு ஒன்னைய இழுத்துப் புடிச்சா? ஆனா போற எடத்துல யாரு பேசுவா? நீயா, அவளா?"

அந்த விஷயம் முழுதாக முருகம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். சுமையாவே அவளிடம் அழுதுகொண்டே சொன்னது.

வந்த வினை இப்படித்தான் வந்தது. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் ஒன்று சேர்ந்தவர்கள் அந்த மூன்று பேரும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குள் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எந்த அம்மா வாசலில் வந்து எந்த மகளைக் கூப்பிட்டாலும், கதவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாளோ அவள் "இந்தா வாரேம்மா" என்று குரல் கொடுப்பாள். கூப்பிடப்பட்டவள் குளித்துக்கொண்டிருப்பாள், இல்லை தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்குவாள். அம்மாக்கள் பதற்றப்படாமல் இருந்தால் சரி. திரிஷாவின் அம்மாவுக்கு ஓவியா பதில் சொல்லியிருக்கிறாள், சுமையாவின் அம்மாவுக்குத் திரிஷா சொல்லியிருக்கிறாள். யாருக்கும் அது பொய்யாகத் தோன்றியதில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "திங்கக்கெழம வந்துர்றேன்டி" என்று சொல்லிவிட்டுக் கோம்பைக்குப் போன ஓவியாவை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை மத்தியானம். சுமையா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சனிக்கிழமைதோறும் வரும் அதே குரல்.

"ஓவியா..."

"இந்தா வாரேம்மா!"

நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெங்காயக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், ஓவியாவின் அம்மா ஹேமாவதி நிற்கிறாள். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்த நல்லெண்ணெய் வாசம். கையில் தூக்குவாளி. ஒரு கூடைத் திராட்சை. முகத்தில் அப்படியொரு நிம்மதி. உள்ளே வந்தாள், மகளின் பாயில் உட்கார்ந்தாள், ஒன்றுமே நடக்காதவள் போல, "சோறு ஆறிரும், சாப்பிடுங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமானதும் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். வாசலில் நின்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைச் சுமையாவால் தாங்க முடியவில்லை. சொன்னாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாள்.

"பாவம்னு செஞ்சேன் பெரியம்மா."

"பாவம்னுதான் செஞ்ச. செத்தவ பேருக்குப் பதில் சொன்னா, அந்தப் பேரு வந்து நாக்குல உக்காந்துக்கிரும் ஆத்தா. யாரு கூப்பிடுறாகன்றது இல்ல, யாரு பதில் சொல்றாகன்றதுதான்."

முதலில் திரிஷாதான் கண்டுபிடித்தாள். "ஏடி, நீ இப்ப ஓவியா மாதிரியே 'அது சரி' போடுற" என்றாள். இன்னொரு நாள், பேசிக்கொண்டே பின்னலை எடுத்து முன்னால் போட்டாள் சுமையா. திரிஷா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பின்னலை அப்படிப் போடுவது ஓவியாவின் பழக்கம். பங்குனியில் ஒரு நாள் வீட்டுக்குப் போன் பேசினாள். "அம்மா" என்றாள். அவளைப் பெற்ற ரம்லத்தே கேட்டாள்: "யாரும்மா பேசுறது? போன சுமையாகிட்ட குடு."

கம்பத்துப் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரையும் குடித்துப் பார்த்தாயிற்று. கொஞ்ச நாளைக்குக் குணம் தெரிந்தது. சனிக்கிழமை வந்ததும் பழையபடி.

"இன்னைக்கு ஹேமாவதி வருவாள்ல?" என்றாள் முருகம்மாள். "அவ முந்தானையில முடிஞ்சு வச்சிருக்க ஓவியா சாவியக் கேளு. செத்த புள்ளைக்குப் பெத்தவ வைக்கலாம். நானும் மேல வாரேன். ஒன்னு மட்டும் நெனப்புல வச்சுக்க. அவ கூப்பிட்டா வாயத் தொறக்காத."

"அவுக மனசு என்னாகும் பெரியம்மா?"

"ஒன் மனசு என்னாகும்னு பாரு. இன்னைக்கும் பதில் சொன்னேன்னா கோயமுத்தூர்ல போயி வேலைக்குச் சேரப் போறது நீ இல்ல."

இருவரும் மாடிக்குப் போனார்கள். கூடம் வெறிச்சென்று கிடந்தது. சுமையாவின் சாமானெல்லாம் இறங்கிவிட்டது. மூலையில் ஓவியாவின் தகரப்பெட்டியும் பாயும் மட்டும் இருந்தன. முருகம்மாள் தாம்பாளத்தைத் தரையில் வைத்து மஞ்சளையும் உப்பையும் பரப்பினாள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

நல்லெண்ணெய் வாசம் முதலில் படியேறி வந்தது. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஓவியா..."

சுமையாவின் அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல் உருண்டு மேலே வந்தது. துப்பட்டாவின் முனையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். முருகம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓவியா?"

இத்தனை மாதத்தில் இரண்டாவது தரம் கூப்பிட நேர்ந்ததே இல்லை. அந்தக் குரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. சுமையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துணி நனைந்து உப்புக் கரித்தது. கடித்த பல்லை அவள் தளர்த்தவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. ஹேமாவதி காலியான கூடத்தைப் பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"ஏன் சுமையா, அவ இல்லையா?"

வாயிலிருந்து துணியை எடுக்கச் சுமையாவுக்கு நேரமாயிற்று.

"இல்லம்மா."

"குளிக்கிறாளா?"

"இல்லம்மா. அவ தை மாசமே போய்ட்டாம்மா. கோம்பையில நீங்கதான அவளுக்குத் தலை சீவிப் பூ வச்சு விட்டீக. நானும் அங்கன நின்னேனே."

ஹேமாவதி அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்றுதான் சுமையா பயந்திருந்தாள். அவள் தூக்குவாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? சீவுன கை இதுதான? அவ இல்லன்னு தெரியும். ஆனா இங்கன வந்தா பதில் வருதே. அதுக்குத்தான வாரேன்."

"அது நான்தாம்மா. எல்லா வாரமும் நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன், அப்புறம் நிறுத்தத் தெரியல."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

ஹேமாவதி அவள் முகத்தையே பார்த்தாள். கேட்பதற்குத் தயங்குகிறவளைப் போல மெதுவாகக் கேட்டாள்:

"நோன்புப் பெருநாளைக்கு நீ கம்பத்துலல்ல இருந்த?"

பெருநாள் வந்த அந்த வாரம் சுமையா இங்கே இல்லை. திரிஷாவும் ஊருக்குப் போயிருந்தாள்.

"நான் வந்தேன்" என்றாள் ஹேமாவதி. "கதவுல பூட்டுத் தொங்குச்சு. வந்த பழக்கத்துல கூப்பிட்டுட்டேன். 'இந்தா வாரேம்மா'ன்னா. பூட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. தொறக்கக் கை வரல. தொறந்து, உள்ள ஒன்னும் இல்லன்னு ஆயிருச்சுன்னா? அதான் படியிலயே உக்காந்துட்டேன்."

"ஆமா ஆமா" என்றாள் முருகம்மாள். அவள் குரலும் இறங்கியிருந்தது. "நான்கூடக் காப்பி கொண்டாந்தேன். ஏன்டி படியில உக்காந்திருக்கன்னு கேட்டேன். 'மக வாரேன்னா, வரட்டும்'ன்னு சொன்ன. பூட்டியிருக்கேன்னு எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு."

மூன்று பேரும் மூலையில் இருந்த தகரப்பெட்டியைப் பார்த்தார்கள். மேற்கு ஜன்னலில் வெயில் இருந்தது. தெருவில் யாரோ காய் விற்றுக்கொண்டு போனார்கள். உள்ளே மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

"நான் இனி என்னக்கா செய்ய?" என்றாள் ஹேமாவதி.

"நீ செஞ்ச தப்பு என்னன்னு சொல்லவா? வாராவாரம் வந்து கூப்பிடுற. அவ வாரேன் வாரேன்னு சொல்றா. நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிர்ற. கூப்பிட்ட புள்ளையக் கூட்டிட்டுப் போனியா? ஒரு நாளாவது 'வா, வீட்டுக்குப் போவோம்'னு சொன்னியா?"

ஹேமாவதி இல்லையென்று தலையாட்டினாள்.

"பெறகு அவ எங்க போவா? நீ வந்து நிக்கிற எடத்துலதான் அவளும் கெடப்பா. அவளும் போக மாட்டா, இந்தப் புள்ளையையும் விட மாட்டா. சாவிய வையி."

"வச்சுட்டா, அப்புறம் இங்கன வர முடியாதேக்கா. எங்க போயி நான் அவளக் கூப்பிடுவேன்?"

ஹேமாவதியின் கை முந்தானை முடிச்சின் மேல் இருந்தது. அவிழ்க்கவில்லை. சுமையா அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவுக்கு என் குரல் தெரியலம்மா" என்றாள். "யாரு பேசுறதுன்னு கேக்குறாக. நான்தாம்மா, நான்தாம்மான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாக. உங்க மகளுக்காக நாலு மாசம் பேசிட்டேன். எங்கம்மாவுக்கு நான் வேணும்."

ஹேமாவதி முடிச்சை அவிழ்த்தாள். சாவி வியர்வை பட்டுக் கறுத்திருந்தது. அதை உப்பின் மேல் வைத்தாள். வைத்த பிறகும் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்ததும் சுமையா தன் சாவியைப் பக்கத்தில் வைத்தாள். முருகம்மாள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஹேமாவதி எழுந்து கூடத்தின் நடுவில் நின்றாள். முகத்தைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற தாய்மாரின் குரலில் சொன்னாள்:

"ஓவியா, வா ஆத்தா. வீட்டுக்குப் போவோம்."

கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு அதன் விரல்கள் மெல்ல மடங்கின. எதையோ பிடித்துக்கொண்டது போலத்தான் மடங்கின.

"சுமையா, நீ முன்னால எறங்கு" என்றாள் ஹேமாவதி. "திரும்பிப் பாக்காத."

குறுகலான படிகள். ஒரு ஆள்தான் இறங்க முடியும். சுமையா சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினாள். பின்னால் ஹேமாவதியின் பேச்சு வந்துகொண்டிருந்தது.

"பெட்டிய நான் தூக்கிக்கிர்றேன், நீ சும்மா வா... மெதுவா, படி சறுக்கும்... என்ன இது, தலைக்கு எண்ணெ வைக்கிறதே இல்லையா நீ?... கொழம்பு அப்பிடியே இருக்கு, பஸ்ஸுல சாப்புட்டுக்குவோம். பசிக்குதா?"

"பசிக்குதும்மா."

சுமையாவின் கை வாய்க்குப் போனது. உதடுகளைத் தடவிப் பார்த்தாள். இறுக மூடியிருந்தன. தொண்டையில் கை வைத்தாள். அங்கே ஒரு அசைவும் இல்லை.

அந்தக் குரலுக்கு இனி அவள் வாய் வேண்டியதில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த படியில் காலை வைத்தாள்.