ஸ்டிக்ஸ் நீரும் தூதன் கையும்

அவள் பெயர் லாம்பேயா. திரியாசா என்னும் மலையூருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பிலிருந்து புறப்படும் ஊற்றுக்கு அவளே தெய்வம். பெருந்தெய்வங்களின் விருந்துகளுக்கு அவளை அழைப்பவர் இல்லை. அவளும் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. காலையில் கண் விழித்தவுடன் தன் நீரை ஒரு கை அள்ளிச் சுவைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். தான் உறங்கும்போது யாரேனும் எதையேனும் கலந்திருப்பார்களோ என்னும் ஐயம் அவளை விட்டு நீங்கியதே இல்லை. மணப்பெண்கள் காணிக்கையாக இடும் கூந்தற்கற்றையை முகர்ந்து பார்த்த பின்னரே ஏற்பாள். தேன் பணியாரம் படைத்தால், படைத்தவரின் முகத்தை நெடுநேரம் நோக்குவாள். வேண்டுதல் ஒன்றும் சொல்லாமல் யாராவது கும்பிட்டுவிட்டுப் போனால், அன்று முழுவதும் அவளுக்கு நிலைகொள்ளாது. "ஒண்ணும் கேக்காம எதுக்குக் கும்பிடணும்?" என்று தன் பாறையிடமே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இத்தகையவளிடம் ஒரு வழக்கு வந்து சேர்ந்திருந்தது. திரியாசா தனக்கே உரியது என்று கடலரசன் பொசைடன் சொன்னான். இல்லை, தனக்கே உரியது என்று விண்ணரசி ஹீரா சொன்னாள். ஒரு பக்கம் உடன்பிறந்தவன், மறுபக்கம் மனைவி. இடையில் அகப்பட்டுக்கொள்ள விரும்பாத தெய்வ அரசன் சீயஸ், பழைய முறையைக் காட்டித் தப்பித்துக்கொண்டான். ஒரு மண்ணைப் பற்றிய வழக்கில் அந்த மண்ணில் ஓடும் நீர்களே நடுவர் என்பது அந்த முறை. திரியாசாவில் ஓடும் நீர்கள் இரண்டே. மேலே லாம்பேயாவின் ஊற்று. கீழே கெலாதோஸ் என்னும் ஆறு. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் அது தீர்ப்பாகும்.

ஆர்கோஸ் நாட்டில் இதே இருவருக்குள் இதே வழக்கு முன்னொரு காலத்தில் நடந்ததை அறியாத நீர்த்தெய்வம் இல்லை. அங்குள்ள ஆறுகள் ஹீராவுக்குச் சாதகமாகச் சொல்லின. பொசைடன் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போய், அவற்றின் நீரை அடியோடு உறிஞ்சிக்கொண்டான். இன்றும் மழை பெய்தால்தான் அவற்றில் நீர். கோடையில் அந்த ஆற்றுப்படுகைகளில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நீர் வற்றிய தெய்வத்துக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும். லாம்பேயா அஞ்சியது அதற்குத்தான். பொசைடன் பக்கம் சொல்லலாம் என்றால், ஹீராவின் சினம் எந்த வடிவில் எந்த வாசல் வழியாக வரும் என்று யாராலும் சொல்ல இயலாது.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியபோது, ஒரு நண்பகலில் கெலாதோஸ் மேலேறி வந்தான். ஆற்றுத்தெய்வங்களுக்கு உரிய காளைக்கொம்பு இரண்டும் நெற்றியில் பளபளக்க, தாடியில் நீர் சொட்ட, சிரித்துக்கொண்டே வந்தான். ஆறுகளும் ஊற்றுகளும் ஒரே பெருங்கடலின் வழிவந்தவை ஆதலால், அவன் அவளுக்குத் தம்பி முறை.

"என்னக்கா, இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?"

"யோசிக்கத்தானே தலை. உனக்கு அந்த எடத்துல கொம்பு மொளச்சிட்டதால சிரமம் இல்ல."

"கொம்பை இழுக்காம இருக்க மாட்டியே. பொசைடனுக்குன்னு சொல்லிட்டுப் போயிருவோம்க்கா. ஆர்கோஸ்காரங்க பட்ட பாடு போதாதா?"

"நேத்து வரைக்கும் ஹீரா, ஹீரான்னு உருகினே?"

"நேத்து வேற, இன்னைக்கு வேற."

அவன் தலையை உதறியபோது ஒரு துளி தெறித்து அவள் உதட்டில் விழுந்தது. நாவால் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரித்தது. மலைச்சரிவில் ஓடும் ஆற்றின் நீரில் உப்புக்கு என்ன வேலை என்று அவள் மனம் அக்கணமே விழித்துக்கொண்டது.

"கடல் பக்கம் போயிருந்தியா?"

"ஆறு வேற எங்கக்கா போகும்? தெனமும் அங்கதானே போறேன்."

"போறது சரி. திரும்பி வர்றது எப்ப இருந்து?"

கெலாதோஸ் தாடியைப் பிழிந்தான். பிழிய வேண்டிய அளவைக் காட்டிலும் கூடுதலாகவே பிழிந்தான். பின்னர்ச் சொன்னான்: "என் வாய்க்குக் குறுக்கே ஒரு மணல்மேடு கெடந்துச்சுல்ல? கடல்ல சேர முடியாம சதுப்புல நாறிக்கிட்டுக் கெடந்தேனே. அதை எடுத்து விட்டுட்டாங்க."

"வாங்கிட்டேன்னு சொல்லு."

"வாங்கல. குடுத்தாங்க."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணல்மேடுதான் வித்தியாசம் போல."

அவன் முகம் சுருங்கினாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ யாரைத்தான் நம்பியிருக்கே? கேளு. பொசைடனோட ஆளு இப்ப வரப்போறான். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் நம்ம தண்ணியைத் தொட மாட்டோம்னு ஸ்டிக்ஸ் தண்ணி மேல சத்தியம் பண்ணப்போறான். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

ஸ்டிக்ஸ் என்பவள் பெருங்கடலின் பெண்மக்களுள் மூத்தவள். இரண்டு மலைகளுக்கு அப்பால் கரிய செங்குத்துப் பாறையிலிருந்து விழுபவள். அவள் நீரைத் தரையில் ஊற்றிப் பொய்யாணை இட்ட தெய்வம் ஓராண்டு மூச்சும் பேச்சும் இன்றிக் கிடக்கும்; அதன் பின்னரும் நெடுங்காலம் அவையிலும் விருந்திலும் அதற்கு இடமில்லை. சீயஸே அஞ்சும் ஆணை அது. அத்தகைய ஆணையை வலிய வந்து ஒருவன் இடுகிறான் என்பதுதான் லாம்பேயாவை உறுத்தியது.

எதிரில் நின்ற ஒலிவமரத்தில் ஒரு குயில் அமர்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். குயில்கள் ஊரை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது. ஹீராவின் செங்கோலில் அமரும் பறவை அதுவே என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நல்லா காது குடுத்துக் கேளு," என்றாள் மரத்தைப் பார்த்து. "போய்ச் சொல்றப்ப கையிலேருந்து எதையும் சேத்துக்காத."

குயில் கழுத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

பொசைடனின் தூதன் ஹாலியோஸ் வெயிலில் வாடியபடி ஏறி வந்தான். தோளில் மீன்செதில், கால்கள் மலைக்குப் பழகாதவை. அவன் கையில் இருந்த கலத்தையே லாம்பேயா முதலில் நோக்கினாள். ஸ்டிக்ஸின் நீர் மண்கலத்தை உடைக்கும்; வெண்கலத்தை அரிக்கும்; பொன்னையும் விட்டுவைக்காது. குதிரைக் குளம்பு ஒன்றே அதைத் தாங்கும். வந்தவன் வெண்கலக் குடுவையோடு வந்திருந்தால் பொய்நீர் என்று அப்போதே திருப்பி அனுப்பியிருப்பாள். அதற்குரிய சொற்களையும் ஆயத்தமாக வைத்திருந்தாள். அவனோ மெழுகால் வாய் அடைத்த குதிரைக் குளம்பைக் கொணர்ந்திருந்தான். மெழுகை விலக்கி முகர்ந்தாள். எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. மெய்யாகவே அக்கா ஸ்டிக்ஸின் நீர்தான். ஐயம் பொய்த்ததில் அவளுக்கு நிம்மதி உண்டாகவில்லை, ஏமாற்றமே உண்டாயிற்று.

"பாத்தியா?" என்றான் கெலாதோஸ். "இப்பவாவது முகத்தைக் கொஞ்சம் தளத்து."

"அம்மா, ஆரம்பிக்கலாங்களா?" என்றான் ஹாலியோஸ். "நான் ஊத்திட்டு எங்க அரசர் பேரைச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லிவிட்டது."

"இருங்க ஐயா. இதுக்கு முன்னால எங்கெல்லாம் தூது போயிருக்கீங்க?"

"இதுதாங்க முதல் தடவை." அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமிதம் இருந்தது. "நான் கடல்நாய் மேய்க்கிறவன். திடீர்னு கூப்பிட்டு நீதான் போகணும்னுட்டாரு."

"சங்கு ஊதுறவங்க, தேரோட்டுறவங்கன்னு அங்க தூதுக்குன்னே ஆளுங்க இருப்பாங்களே?"

"இருக்காங்க. ஆனா என்னைத்தான் சொன்னாரு."

"ஏன்?"

அவன் தோள்செதிலைச் சொறிந்துகொண்டான்.

லாம்பேயாவின் மனம் அந்த இடத்தில் ஊன்றி நின்றது. மனிதர்களுக்குள் தூதன் ஒருவன் மதுவை ஊற்றி ஆணையிட்டால், அவனை அனுப்பிய ஊர் முழுவதும் அதற்குக் கட்டுப்படும். கடற்கரைக் கோயில்களில் அதையே கண்டு பழகிய சிறு கடல்தெய்வங்களும் ஆணை என்றால் அப்படித்தான் என்று எண்ணியிருந்தன. ஆனால் ஸ்டிக்ஸுக்கு ஊரும் தெரியாது, அரசனும் தெரியாது. யார் பெயரைச் சொன்னாலும், ஊற்றிய கையைத்தான் அவள் பிடிப்பாள். மலைநீர்க் குடும்பத்தில் பிறந்த யாவரும் அதை அறிவர். கெலாதோஸும் அறிவான். அவன் இப்போது தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள் அவள், ஹாலியோஸிடம். ஐயா என்பது தம்பியாக மாறியதை அவளே உணரவில்லை. "நாளைக்கே உங்க அரசர் என் தண்ணியை உறிஞ்சிட்டாருன்னு வை. யாருக்கு மூச்சு நிக்கும்?"

"அவருக்குத்தானுங்களே. அவர் பேரைத்தானே சொல்லப்போறேன்."

"பேரு என் அக்கா காதுல ஏறாது. ஊத்தின கைதான் அவளுக்குக் கணக்கு."

ஹாலியோஸ் தன் வலக்கையைப் பார்த்தான். "கெளம்புறப்ப ஒண்ணு கேட்டாரு," என்றான். "பெண்டாட்டி பிள்ளை உண்டான்னு. இல்லீங்கன்னேன். நல்லதாப் போச்சுன்னாரு. நான் அதை அக்கறைன்னு நெனச்சேன்."

எனினும் லாம்பேயா உடனே இரங்கிவிடவில்லை. இதுவும் அனுப்பியவன் சொல்லிக்கொடுத்த நடிப்பாக இருக்கலாம். ஆணை முறிந்து இவன் மூச்சு நிற்காதிருக்க, இரக்கப்பட்டு அவள் பொசைடன் பக்கம் சாய வேண்டும் என்பதும் திட்டமாக இருக்கலாம். ஆகவே அவன் கண்களை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தபடி, "சரி, ஊத்து. நான் ஒத்துக்கிறேன்," என்றாள்.

கை நகரவில்லை. அவன் குனிந்து, குளம்பைப் பாறையிடுக்கில் சாயாதபடி பதித்து வைத்துவிட்டு, இரண்டு அடி விலகி நின்றான்.

"ஊத்தட்டுமேக்கா," என்றான் கெலாதோஸ் மெல்ல. "அவன் யாரோ, நாம யாரோ. நமக்கு நம்ம தண்ணி."

"உனக்குத் தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தே, இல்ல?"

கெலாதோஸ் மறுபடியும் தாடியைப் பிழிந்தான்.

"சத்தியம் முறிஞ்சா இவன் மூச்சும் போகும், நம்ம தண்ணியும் போகும். அவரு விருந்துல ஒக்காந்து அடுத்த கிண்ணத்தை நீட்டிக்கிட்டிருப்பாரு. அதுக்கா உன் வாயைத் தொறந்து விட்டாங்க?"

அவள் ஒலிவமரத்தை நோக்கித் திரும்பினாள். "உங்க ராணி எப்படி? அவங்களாவது இங்க வந்து சொந்தக் கையால ஊத்துவாங்களா, இல்ல உன் சிறகைத்தான் நீட்டச் சொல்வாங்களா?"

குயில் இறகைச் சிலிர்த்தது. கிளையில் இரண்டு தத்துத் தத்தி, ஓசையின்றிப் பறந்து போயிற்று. அதையும் ஒரு விடையாகவே லாம்பேயா எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டே தீர்ப்பு நாளைத் தாண்டிருவே," என்றான் கெலாதோஸ். இப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை, அச்சம் இருந்தது. "ரெண்டு பேருக்கும் கோவம் வந்தா என்னக்கா செய்வோம்?"

லாம்பேயா அதைப் பற்றித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். தீர்ப்புச் சொல்லும் முன்னர் நடுவருக்குத் தீங்கு செய்பவர் வழக்கையே இழப்பார் என்பதும் அதே பழைய முறைதான். ஆர்கோஸ் ஆறுகள் வற்றியது சொன்ன பிறகே. சொல்லாத வரையில், நாள் தாண்டினாலும், ஒருவர் கைநீட்டினால் ஊர் மற்றவருக்குப் போய்விடும்; ஆகவே இருவருமே அவள் நீரைக் காவல் காத்தாக வேண்டும். இதில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா என்று அவள் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். இருக்கலாம். ஆயினும் மற்ற வழிகளில் இருந்தவை ஓட்டைகள் அல்ல, வாசல்கள்.

"தம்பி, நீ வெயில் தாழ்ந்ததும் எறங்கிப் போ," என்றாள் ஹாலியோஸிடம். "போறதுக்கு முன்னால என் தண்ணியில கொஞ்சம் குடிச்சுக்கோ. உங்க அரசர்கிட்ட நான் சொன்னதா சொல்லு. அந்தப் பக்கத்துக்கும் இதே சேதிதான். ரெண்டு பேரும் நேர்ல வரட்டும். அவங்கவங்க கையால ஊத்தட்டும். அதுவரைக்கும் நான் தீர்ப்புச் சொல்லப்போறதில்ல."